சுவரில் வந்து நின்ற தேதி

இதைப் படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். இன்று என்ன தேதி என்று அறிய உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு விநாடிகூட ஆகியிராது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆவடியை அடுத்த சேக்காட்டில் உள்ள எங்கள் வீட்டில், அந்தத் தாள் காலண்டருக்குப் பதிலாக மின்தாளில் ஒரு தேதிப் பலகை செய்து மாட்டலாம் என்று இறங்கும் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தப் பலகை என்னைப் படுத்திய பாட்டைப் பின்னால் சொல்கிறேன். தேதி என்பது நம் வீட்டுச் சுவருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஏனெனில் 200 ஆண்டுகளுக்கு முன்பு அது எந்தச் சுவரிலும் இல்லை. ஒரு சிலருடைய தலைக்குள் இருந்தது.

சோழிகளைக் கொண்டு ஒரு கிரகணம்

அப்படிப்பட்ட ஒருவரை நேரில் கண்டு எழுதி வைத்தவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் படையில் பணியாற்றியவர். 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவரும் கூட. தென்னிந்திய மக்கள் காலத்தை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்று ஆராய்ந்து, 'கால சங்கலித' என்ற பெரிய நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார்.

புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை வாரன் சந்தித்தார். வாரனின் எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் 'சாமி நாடன் சாஷியா'. 1825 மே 31, ஜூன் 1 தேதிகளில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். கையில் காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை, ஏட்டுச் சுவடியும் இல்லை. தரையில் சோழிகளை வரிசையாக வைத்தார், எடுத்தார், மாற்றி வைத்தார். தேவையான அட்டவணைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். முடிவு என்ன தெரியுமா? கிரகணத்தின் தொடக்க நேரத்தில் அவர் செய்த பிழை 4 நிமிடங்களே! நடு நேரத்தில் 23 நிமிடங்களும், முடியும் நேரத்தில் 52 நிமிடங்களும் பிழை ஏற்பட்டது.

அவருக்கு வானியல் கொள்கை எதுவும் தெரியாது என்றும் வாரன் குறிப்பிடுகிறார். சந்திரன் ஏன் வேகம் மாறுகிறது என்று கேட்டால் அவரால் விடை கூற இயலாது. ஆனால் எப்போது எங்கே இருக்கும் என்று கேட்டால் கூறிவிடுவார். (சூத்திரத்தைத் தருவித்துக் காட்டத் தெரியாமலேயே கணக்கைச் சரியாகப் போட்டுவிடும் மாணவர்கள் என் வகுப்பிலும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளும் போதெல்லாம் இந்தப் புதுச்சேரிக்காரர் நினைவுக்கு வந்து என் குரலைத் தணித்துவிடுகிறார்.)

அவர் மனத்தில் இருந்த அட்டவணை எப்படிப்பட்டது? சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அன்று. பூமிக்கு அருகில் வரும்போது அது விரைந்தும், விலகிச் செல்லும்போது மெதுவாகவும் நகர்கிறது. அருகிலிருந்து புறப்பட்டு மீண்டும் அருகில் வந்து சேர 27.55 நாட்கள் ஆகின்றன. இத்தகைய 9 சுற்றுகளைக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய முழுசாக 248 நாட்கள் வருகின்றன. எனவே 248 நாட்களுக்குச் சந்திரன் இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு அதே வரிசை திரும்பவும் வரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு வாக்கியம். அதன் எழுத்துகளே எண்களைக் குறிக்கும். இந்த வாக்கியங்களிலிருந்து வந்த பெயர்தான் 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்பது. இதே 248 நாள் கணக்கு, கிறிஸ்துவுக்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் காணப்படுகிறது. எங்கோ களிமண்ணில் எழுதிய ஒரு கணக்கு, நம் ஊரில் ஒருவர் நாவில் 1825 வரை உயிரோடு இருந்திருக்கிறது!

ஒரு தேதியைச் சொல்ல இவ்வளவு பெரிய ஏற்பாடு ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போகலாமே! தமிழ் மாதத்தை அப்படி எண்ணினால் ஏமாந்துபோவோம். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் கணமே மாதப் பிறப்பு. சூரியன் மறைவதற்கு முன் அது நிகழ்ந்தால் அன்றே முதல் தேதி. மறைந்த பின் நிகழ்ந்தால் மறுநாள் முதல் தேதி. பூமி சூரியனை நெருங்கி விரைவாகச் செல்லும் மார்கழியில் மாதம் 29 நாட்களில் முடிந்துவிடும். தொலைவில் மெதுவாகச் செல்லும் ஆனியில் 32 நாட்கள் வரை நீளும். கெப்ளரின் இரண்டாம் விதி மார்கழிக் கோலத்தில் ஒரு நாளைக் குறைத்துவிடுகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்; ஆனால் உண்மை அதுதான்.

திதியோ இதைவிடச் சிக்கலானது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரனின் வேகத்துக்கேற்ப இது சுமார் 19 மணி முதல் 26 மணி வரை மாறும். பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியும் அமாவாசைகள் ஏராளம். 'இன்று அமாவாசையா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாத நாட்கள் உண்டு. ஆகவேதான் ஊருக்கு ஒருவர் தேவைப்பட்டார். நாள் தெரிய வேண்டுமானால் அவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது.

அச்சு வந்த பிறகு

19-ஆம் நூற்றாண்டில் அச்சுப் பஞ்சாங்கங்கள் பரவியதும், படிக்கத் தெரிந்தவர்கள் தாமே நாள் பார்க்கலாயினர். ஆனால் பஞ்சாங்கம் பார்வைக்கானது அன்று, தேடுவதற்கானது. நாழிகை, விநாழிகை, சுருக்கெழுத்துகள் என்று ஒவ்வொரு வரியையும் விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம். அதுவும் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியோடு மூக்குக் கண்ணாடியையும் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகே அன்றைய நாள் தெரியவரும்.

பழைய வாக்கியங்களில் காலப்போக்கில் சேர்ந்த பிழையை நீக்க, தொலைநோக்கி அளவைகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கங்களும் தோன்றின. இரண்டுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20-இல்தான் கொண்டாடப்பட்டது. பதினொரு மாத வேறுபாடு! வானத்தில் இருப்பதோ ஒரே சனிதான்.

இங்கே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையைக் குறிப்பிடாமல் செல்வது நன்றி மறந்த செயலாகும். சென்னை மாகாண அரசுப் பணியில் உயர்ந்து, பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் விளங்கியவர். 1911-இல் அவர் வெளியிட்ட 'இந்தியக் காலக்கணிதம்' என்ற ஆங்கில நூலும், 1922-இல் வந்த பல தொகுதிகள் கொண்ட 'இந்திய எபிமெரிஸ்' என்ற அட்டவணை நூலும் கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களின் கைவிளக்குகளாயின. சோழர் காலக் கல்வெட்டில் மாதமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் கண்டால், அது எந்த ஆங்கிலத் தேதி என்று அட்டவணையைப் பார்த்தே கூறிவிடலாம். சோழி வைத்துக் கணித்தவரின் தலைக்குள் இருந்ததை, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும் பக்கங்களாக மாற்றியவர் அவர்.

பெரிய எழுத்து யாருக்கு?

இதற்கிடையில் வேறொரு தேதி நம் வாழ்வில் நுழைந்துவிட்டது. நீதிமன்ற வாய்தா, ரயில், பள்ளிக்கூடம், மாதச் சம்பளம் எல்லாமே ஆங்கிலத் தேதியில் நடந்தன. இந்தத் தேதி நள்ளிரவில் மாறும். யாரையும் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. இதற்குக் கணிதர் வேண்டியதில்லை. நினைவூட்டுவதற்கு ஓர் எண் இருந்தால் போதும்.

இந்த இரு உலகங்களையும் ஒரே தாளில் சேர்த்து வைத்ததுதான் நம் தினசரிக் காலண்டரின் சாமர்த்தியம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடுவதில் வேரூன்றி வளர்ந்த சிவகாசியின் அச்சுத் தொழில், இந்தக் காலண்டரைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை அங்கே வெளியிடுவது வழக்கம். மளிகைக் கடைக்காரர் தைப் பொங்கலுக்குள் நமக்குத் தரும் காலண்டர், ஆடியிலேயே பிறந்துவிடுகிறது!

ஒரு தாளை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய எண். அது அலுவலகத்தின் தேதி. அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், இஸ்லாமியத் தேதி. இவை வீட்டின் தேதிகள். ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு. படிக்கத் தெரியாத குழந்தைகூட இதைப் புரிந்துகொள்ளும்.

பெரிய எண் எவ்வளவு பெரியது? எங்கள் வீட்டுத் தாளில் அளந்து பார்த்தேன், 5 செ.மீ. உயரம் இருந்தது. இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. குறையற்ற கண், 5 கலை உயரமுள்ள எழுத்தைப் படித்துவிடும். கண் மருத்துவர் 6/60 என்று குறித்துக் கொடுக்கும் மங்கிய பார்வைக்கு அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 50 கலை வேண்டும். 3 மீட்டர் தொலைவில் உள்ள 5 செ.மீ. எண், கண்ணில் ஏறத்தாழ 57 கலை கோணத்தை உண்டாக்குகிறது. ஆக, கட்டிலில் படுத்திருக்கும் பார்வை மங்கிய முதியவரும் எதிர்ச் சுவரில் உள்ள தேதியைப் படித்துவிடலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் அந்த எண்ணை அச்சிட்டிருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு வாங்குவோரின் கண்களே அதை நிர்ணயித்தன என்பது என் அபிப்பிராயம்.

எளிமையான தேதி மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நாட்டில் வழங்கிய சுமார் 30 வகைப் பஞ்சாங்கங்களை ஒழுங்குபடுத்த, 1952-இல் இயற்பியல் அறிஞர் மேகநாத் சாஹா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1955-இல் வந்தது. அதன்படி 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சித்திரை 1 என்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. முதல் மாதம் 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்கள் 31. மீதி ஆறும் 30. இதைவிட ஒழுங்கான நாட்காட்டி கிடைப்பது அரிது. அரசிதழில் அது இடம்பெற்றது, வானொலியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை எதுவும் வீட்டில் இல்லை. சம்பளமும் அந்தத் தேதியில் வரவில்லை, பண்டிகையும் வரவில்லை. சுவரில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

மின்சாரம் இல்லாமல் நிற்கும் எழுத்து

இனி மின்தாளுக்கு வருவோம். 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் நிக்கலஸ் ஷெரிடன், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான நுண்ணிய உருண்டைகளை எண்ணெயில் மிதக்கவிட்டு, மின்புலத்தால் அவற்றைப் புரட்டி எழுத்துகளைத் தோற்றுவித்தார். ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் இசாவோ ஓட்டா, திரவத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்களை நகர்த்திப் பார்த்தார். துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடுவது பெரும் இடையூறாயிற்று. துகள்களையும் திரவத்தையும் தலைமுடியின் பருமனே உள்ள குமிழ்களுக்குள் அடைத்துவிட்டால் என்ன என்ற யோசனை, எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனிடம் பணிபுரிந்த பாரெட் கோமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரின் கையில் உருப்பெற்றது. அவர்கள் அப்போது இளநிலைப் பட்ட மாணவர்களே! 1998-இல் அவர்களது கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

இன்றைய மின்தாளின் ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் எண்ணெயில் இருக்கின்றன. ஒரு பக்கம் மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளை மேலே வருகிறது. திருப்பிக் கொடுத்தால் கறுப்பு. மின்னழுத்தத்தை நீக்கிவிட்டாலும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கின்றன. எழுத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், வைத்திருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட தாளைப் போலவே, அறை வெளிச்சத்தில் தெரியும். நாளுக்கு ஒரு முறை மட்டும் மாறும் தேதியைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சாதனம் ஏது?

இந்த எண்ணத்தில்தான் நானும் இறங்கினேன். சிறிய மின்தாள் ஒன்று, ஒரு நுண்கட்டுப்படுத்தி, விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம், இரண்டு பேட்டரிகள். கிழமை, மாதம், நடுவில் பெரிய எண். மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். கல்லூரியில் சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். வீட்டில் மாட்டியதும் என் கணவரின் தாயார் அருகில் வந்து பார்த்தார். "பெரிசா நல்லாத்தான் இருக்கு. அமாவாசை எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. நான் எளிமைப்படுத்தியது என்னுடைய தேதியை! அத்தைக்கு அந்தப் பெரிய எண் எதற்கு? அவர் சம்பளம் வாங்குவதில்லை. மாமா காலமான பிறகு, அமாவாசை தோறும் காக்கைக்குச் சோறு வைத்த பின்புதான் அவர் சாப்பிடுவார். எனக்குப் பொடி எழுத்தாக இருந்தது அவருக்குத் தலைப்புச் செய்தி. எண்ணைச் சற்றுச் சிறிதாக்கி, தமிழ்த் தேதியும் திதியும் கீழே வருமாறு செய்தேன். வீட்டில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்திலிருந்து ஓராண்டுக்கான திதிகளை ஏற்றினேன். அத்தைக்குத் திருப்தி. பழைய காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டோம்.

சில மாதங்கள் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை பலகையில் சதுர்த்தசி என்றிருந்தது. அத்தை இட்லி சாப்பிட்டுவிட்டு, சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் 'கா, கா' என்று அழைக்கும் குரல் கேட்டது. கத்தியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்தைய நாளே பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்தாள் தனக்குத் தெரிந்த கடைசித் தேதியை, அழகாக, தெளிவாக, மங்காமல் காட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் வேறு எதுவும் சாப்பிடவும் இல்லை.

இதைப் பற்றிப் பல நாட்கள் யோசித்தேன். சுவர்க் கடிகாரம் நின்றால் விநாடி முள் நிற்பது தெரியும். கால்குலேட்டரின் பேட்டரி தீரும்போது அதன் எண்கள் மங்கி மறையும். மின்தாளின் பெருமையோ, மின்சாரம் போனாலும் எழுத்து போகாது என்பது. நேற்றைய தேதிக்கும் இன்றைய தேதிக்கும் முகத்தில் எந்த வேற்றுமையும் இராது. அப்படியானால் தாள் காலண்டர்? அதுவும் கிழிக்காவிட்டால் நேற்றையதைத்தானே காட்டும்! ஆம், ஆனால் அது ஒருவர் கையால் மாறுகிறது என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். 'இன்னிக்குத் தாளைக் கிழிச்சாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆவடியில் இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது முன்கூட்டியே மறுநாள் தாளைக் கிழித்துவிட்டுப் போவார்; அவர் மனைவி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே தேதி பார்ப்பார். என் பலகையிடம் அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தானே மாறும் பொருள் என்று நானே சொல்லி வைத்திருந்தேன்.

முதலில், பேட்டரி குறையும்போது திரையை வெறுமையாக்கிவிடும்படி அமைத்தேன். கட்டுப்படுத்தியே செயலிழந்து நின்றுவிட்டால் இது பயன்படாது என்று ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். சரியான கேள்வி. பிறகு நள்ளிரவில் தானே மாறும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, பலகையின் அடியில் ஒரு பொத்தான் வைத்தேன். காலையில் அதை அழுத்தினால் திரை முழுதும் ஒரு முறை கறுத்து, ஒரு முறை வெளுத்து, அன்றைய தேதி எழும். மின்தாள் தன் பழைய துகள்களைக் கலைத்துச் சீராக்கும் இந்தச் சிமிட்டல் கண்ணை உறுத்துகிறது என்று நான் முன்பு அதை அடக்கிவைக்கப் பாடுபட்டிருந்தேன். இப்போது சிமிட்டினால் பலகை உயிரோடு இருக்கிறது; அழுத்தியும் சிமிட்டாவிட்டால் அதில் இருப்பது பழைய தேதி.

அத்தை இப்போது விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். பரணிலிருந்த தாள் காலண்டரும் இறங்கி வந்து பக்கத்திலேயே தொங்குகிறது. ராகு காலம் அதில்தான் இருக்கிறது. என் பலகையில் அதற்கு இடம் போதவில்லை.